இரண்டாவது கணினி

திங்கட்கிழமை காலை அலுவலகம் வந்ததும் நான் முதலில் பார்ப்பது அன்றைக்கு வரும் கப்பல்களின் பட்டியலை அல்ல, ஓர் எண்ணை. பதினோரு வருடமாக அந்த எண் இரண்டு.

கீலுங் துறைமுகத்துக்கு எதிரே, மழையில் பாசி பிடித்த கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் எங்கள் கப்பல் முகவர் அலுவலகம். இருபத்து மூன்று பேர் வேலை செய்கிறோம். அவர்களுடைய கணினிகள், பின்னறையில் இரைந்துகொண்டிருக்கும் சர்வர்கள் எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான் பொறுப்பு. பெயர் கோ பீ-லியென், வயது ஐம்பத்தொன்று. எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை நான் ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. ஏதாவது நின்றால்தான் என் பெயர் ஞாபகம் வரும்.

நான் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் ஆள். இந்த உலகத்தில் மென்பொருள்கள் பேக்கேஜ் பேக்கேஜாக ஒரு பொதுக் கிடங்கில் கிடக்கும். சம்பளம் வாங்காத ஆட்கள் பல ஊர்களில் உட்கார்ந்து ஆளுக்கொன்றிரண்டாக அவற்றைப் பார்த்துக்கொள்வார்கள். ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களில் ஒன்றே ஒன்று என் பொறுப்பு. பெயர் துறைமுக முறை. எங்கள் சீன எழுத்துகளைக் கீபோர்டில் வரவழைக்க ஒலியைத் தட்டலாம், உருவத்தையும் தட்டலாம். ஊரே ஒலியைத்தான் தட்டுகிறது. துறைமுக முறையோ ஓர் எழுத்தை மேலே, கீழே, பக்கவாட்டில் என்று உடைத்து நாலு விசைக்குள் கட்டிவிடும். ஒரு காலத்தில் துறைமுக அலுவலகத் தட்டச்சுப் பிரிவில் நாற்பது குமாஸ்தாக்கள் இப்படித்தான் எழுதினார்கள்.

கல்லூரி விடுமுறையில் அந்தப் பழைய பட்டியலைக் கணினிக்கு மாற்றிக் கொடுத்தது நானும் என்னோடு படித்த யூ ஜிங்-சுவானும். பதின்மூன்றாயிரம் எழுத்து. அவன் வாசித்தான், நான் தட்டினேன். வேலை சலித்தபோது துறைமுக அறிவிப்பு பாணியில் எனக்குச் சீட்டு எழுதித் தள்ளுவான்: 'இதனால் அறிவிப்பது யாதெனில், இரண்டாம் மேசைப் பெண் இன்று மாலை நூடுல்ஸ் கடைக்கு வந்து சேர வேண்டியது.' அந்த விடுமுறை முடிந்தபோது எங்கள் இருவர் விரல்களுக்கும் வேறு முறை மறந்துபோயிருந்தது. பிறகு பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம்.

அதற்கப்புறம் அவனுக்குத் தெற்கே காவ்சியுங்கில் வேலை கிடைத்தது. முதலில் தினமும் பேசினான், பிறகு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு புத்தாண்டுக்கு ஒரு முறை. ஒரு புத்தாண்டில் அதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தால்கூட ஒரு முடிவு என்று இருந்திருக்கும். அந்த வசந்தத்தில்தான் துறைமுக முறையைப் பேக்கேஜாக்கிப் பொதுக் கிடங்கில் சேர்த்தேன்.

கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. சம்மதம் சொன்ன கணினிகள் வாரம் ஒரு முறை தங்களிடம் என்னென்ன பேக்கேஜ் இருக்கிறது என்று தாமாகவே தெரிவிக்கும். பெயர் இல்லை, ஊர் இல்லை, எண்ணிக்கை மட்டும் எல்லாரும் பார்க்கும்படி ஒரு பக்கத்தில் வரும். முதல் மாதம் என் பேக்கேஜுக்கு நேரே ஒன்று என்று இருந்தது. அது என் கணினி. மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அது இரண்டு ஆனது.

வேறு யாராக இருக்க முடியும்? அவன் எங்கேயோ உட்கார்ந்து நான் செய்ததை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறான். பேச வேண்டாம், எழுத வேண்டாம், அந்த எண் போதும் என்று இருந்துவிட்டேன். எனக்கே இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது இதுதான்.

"அக்கா, அது என்ன லாட்டரி நம்பரா?" என்று கேட்பாள் அ-சியா. எங்கள் கணக்குப் பிரிவுக்காரி, என்னைவிட எட்டு வயது சின்னவள், அலுவலகத்தில் என்னோடு பேசும் ஒரே ஆள். "திங்கக்கிழமையானா அதைப் பாத்துட்டு தனியா சிரிக்கிறீங்க. விழுந்தா எனக்கும் பங்கு தரணும்."

"விழாது. போய் உன் ரசீதை அடுக்கு."

"ரெண்டுக்கே இந்தச் சிரிப்புன்னா மூணு வந்தா என்ன பண்ணுவீங்களோ."

மூன்று வரவே இல்லை. போன பிப்ரவரியில் வேறொன்று வந்தது. எல்லா எழுத்து முறைகளையும் தாங்கும் அடித்தள மென்பொருள் புதிதாக மாறுகிறது, பழையபடி எழுதப்பட்ட பேக்கேஜ்களை அவரவர் ஒரு மாதத்துக்குள் திருத்த வேண்டும், இல்லையென்றால் கிடங்கிலிருந்து எடுத்துவிடுவோம் என்று அறிவிப்பு. இரண்டு நாள் வேலைதான். நான் செய்திருக்கலாம்.

செய்யவில்லை. பேக்கேஜின் உள்ளே, பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயரும் மெயில் முகவரியும் இருக்கின்றன. அது காணாமல் போனால், அதில்லாமல் எழுத முடியாதவன் யாரிடம் வருவான்? என்னிடம்தானே. பதினோரு வருடம் வராதவனை வரவழைக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. 'பயன்படுத்துவோர் இல்லை. நீக்கிவிடலாம்' என்று ஒரே வரி எழுதி அனுப்பினேன். என் கணினியில் மட்டும் அதைப் பூட்டி வைத்துக்கொண்டேன், எந்த அப்டேட் வந்தாலும் போகாதபடி.

அடுத்த திங்கட்கிழமை எண் இரண்டாகவே இருந்தது. இன்னும் அப்டேட் போடவில்லை போலிருக்கிறது, சோம்பேறி என்று நினைத்துக்கொண்டேன். அதன்பிறகு மெயில் பெட்டியை ஒரு நாளைக்கு முப்பது தடவை திறந்தேன்.

நீக்கச் சொல்லி ஒன்பதாவது நாள், திங்கட்கிழமை, ஒரு மெயில் வந்தது. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்கள். உள்ளே இப்படி இருந்தது:

'மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு. துறைமுக முறை வழங்கல் ஆறு நாட்களாக நிறுத்தப்பட்டுள்ளது. சிரமத்திற்கு வருந்துகிறோம். விரைவில் மீண்டும் வழங்கக் கோரப்படுகிறது.'

எனக்குக் கை காதெல்லாம் சூடாகிவிட்டது. அவனேதான். அதே அறிவிப்பு பாணி. இத்தனை வருடம் கழித்தும் நேராக ஒரு வார்த்தை எழுத வரவில்லை, இன்னும் விளையாட்டு. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டுப் பதில் எழுதினேன்.

'குடிநீர் வாரியத்துல வேலைக்குச் சேந்துட்டியா? ஆறு நாளைக்கே இந்தப் பாடு படுறே, பதினோரு வருஷம் எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாரு. சாப்டியா? இன்னும் அந்த உப்பு மீனைத் தின்னு உடம்பைக் கெடுத்துக்கிறியா? வழங்கலெல்லாம் சும்மா கிடைக்காது. ஒளியாம நேரா எழுது, அப்பதான் சரி பண்ணுவேன்.'

அனுப்பிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றேன். கீழே ஒரு சரக்குக் கப்பலைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாட்டுக்கூட முணுமுணுத்தேன் என்று அ-சியா பிற்பாடு சொன்னாள்.

பதில் மறுநாள் காலைதான் வந்தது.

'நேராக எழுத இயலாது. நோயாளியின் நாக்கும் குரல்வளையும் அகற்றப்பட்டுள்ளன. வலது கை நடுக்கம். பேச்சுத் தொடர்பு துறைமுக முறை மட்டும். தற்போது பழைய அறிவிப்புகளிலிருந்து வெட்டி ஒட்டப்படுகிறது. வெள்ளிக்கிழமை காலை மருத்துவர் சந்திப்பு. அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் இல்லை. இல்லை என்று தெரிவிக்க இயலும். காரணம் தெரிவிக்க இயலவில்லை. சுவாங் ஷுவெய்-மூ, முன்னாள் தட்டச்சுப் பிரிவு.'

மூன்று தடவை படித்தேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று முதலில் புரியவில்லை. ஜிங்-சுவான் இல்லையே என்ற ஏமாற்றம்தான் முதலில் வந்தது, அந்த மனுஷரைப் பற்றிய நினைப்பு அதற்குப் பிறகுதான். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நாற்பது குமாஸ்தாக்கள் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாதா? அவர்களுடைய பட்டியலைத்தானே நாங்கள் இரவல் வாங்கினோம். அதில் ஒருவர் இன்னும் உயிரோடு இருக்கலாம், விரலுக்குப் பழகிய அதே முறையைத் தேடி எடுத்துப் போட்டிருக்கலாம் என்று ஒரு நாளாவது தோன்றியிருக்க வேண்டாமா. தோன்றவில்லை. என் கதையில் இரண்டு பேருக்குத்தான் இடம் இருந்தது.

அன்று செவ்வாய். வெள்ளி காலைக்குள் மூன்று நாள்.

'சுவாங் ஐயா, நேத்து எழுதினதை மன்னிச்சிருங்க, வேற ஒருத்தர்னு நெனச்சுட்டேன்' என்று ஆரம்பித்து, ஒவ்வொரு படியாக என்ன தட்ட வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். கமாண்டுகள் எல்லாம் ஆங்கில எழுத்துதான், அவரால் தட்ட முடியும். முதலில் பேக்கேஜைத் திரும்ப நிறுவச் சொன்னேன். 'கிடைக்கவில்லை' என்று வந்தது. கிடைக்காதுதான், நான்தானே எடுத்தேன். பிறகு பழைய பதிப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் இடத்திலிருந்து இறக்கச் சொன்னேன். நாற்பது நிமிடம் கழித்து அவர் திரையில் வந்ததை அப்படியே அனுப்பினார். பழையது வேண்டுமென்றால் அதற்குப் பழைய அடித்தளம் வேண்டும், அதற்குப் பழைய நூலகக் கோப்பு வேண்டும், அதைப் போட்டால் புதியவற்றோடு மோதும். ஆகவே இருநூற்றுப் பதினான்கு பேக்கேஜ்களை நீக்கப்போகிறேன், தொடரவா என்று கணினி கேட்டுக்கொண்டிருந்தது.

நீக்கப்போகும் பட்டியலில் திரையையே காட்டும் மென்பொருள் இருந்தது. ஆம் என்பதற்கான 'ஒய்' எழுத்தைத் தட்டினால் அவருக்குக் கறுப்புத் திரையும் வெள்ளைக் கோடும்தான் மிஞ்சும். முதல் தடவை துறைமுக முறை போனதும் அப்படித்தான். முந்தைய செவ்வாய்க்கிழமை வந்த அவருடைய மருமகன் அப்டேட் போடுகிறேன் என்று கணினி கேட்டதற்கெல்லாம் 'ஒய்' தட்டிவிட்டுப் போயிருக்கிறான், இது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான். நீக்கப்போகும் பட்டியலை யாரும் படிப்பதில்லை.

'ஒண்ணும் அழுத்தாதீங்க, அப்படியே இருங்க' என்று எழுதினேன். அந்த நேரம் பார்த்து மேலாளர் கூப்பிட்டார், சுங்கப் படிவம் அச்சாகவில்லையாம். ஒரு மணி நேரம் போய்விட்டது. திரும்பி வந்து பார்த்தால் அவரிடமிருந்து ஒரு வரி: 'மறு அறிவிப்பு வரை காத்திருக்கிறது.' அந்த ஒரு மணி நேரமும் மனுஷர் அந்தக் கேள்விக்கு எதிரே கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வேண்டாம் என்று தட்டச் சொல்லி வெளியே வரவைத்தேன்.

ஒட்டுப்போட்டு ஓட்ட முடியாது என்று தெரிந்துவிட்டது. பிப்ரவரியில் செய்திருக்க வேண்டிய அந்த இரண்டு நாள் வேலையை இப்போது செய்தாக வேண்டும். புதிய அடித்தளத்துக்கு ஏற்றபடி பதின்மூன்றாயிரம் எழுத்தையும் மாற்றி, நிரலைத் திருத்தி, சோதித்து அனுப்ப வேண்டும். சோதிக்க அவருடையதைப் போலவே புதுப் பதிப்பு ஓடும் கணினி வேண்டும். என் சொந்தக் கணினியைத் தொட முடியாது. மூல நிரல் அதில்தான் இருந்தது.

அவருடைய கணினியில் என்னென்ன இருக்கிறது என்று முழுப் பட்டியலையும் அனுப்பச் சொல்லியிருந்தேன். புதன் காலை அதைப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. கிடங்குக்கு எண்ணிக்கை சொல்லும் பேக்கேஜ் அவரிடம் இல்லவே இல்லை. அவர் எந்தக் காலத்திலும் எண்ணப்படவில்லை.

அப்படியென்றால் அந்த இரண்டாவது இவர் இல்லை. இவர் மூன்றாவது. மனசு பாருங்கள், எவ்வளவு வெட்கம் கெட்டது. நாக்கில்லாத மனுஷர் வெள்ளிக்கிழமைக்காக அங்கே காத்துக்கொண்டிருக்கிறார், எனக்கு இங்கே மறுபடி காது சூடாகிறது. அவன் இருக்கிறான், இன்னும் இருக்கிறான் என்று.

சோதனைக்கு ஒரு கணினி தேடிப் பின்னறைக்குப் போனேன். அடுக்கின் அடித்தட்டில் ஒரு பழைய சர்வர் கிடந்தது. முன்பு துறைமுகப் படிவங்களைப் பார்த்துக்கொண்டது, இப்போது வேலை இல்லாமல் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அதன் தலைமேல் பச்சை உறையில் ஒரு சோளப்பொரிப் பொட்டலம். எங்கள் ஊரில் எல்லாச் சர்வர்களுக்கும், கெடாமல் ஓடட்டும் என்று, இந்தப் படையல் உண்டு. உறை பச்சையாக இருக்க வேண்டும், தேதி தாண்டக் கூடாது. அ-சியா என் பின்னாலேயே வந்து அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, இது செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. அதான் உங்களுக்கு நேரம் சரியில்ல."

"இதை இப்போ துடைச்சுட்டு வேற போடப்போறேன். பொரி வேண்டாம்."

"துடைக்கிறதுக்கு முன்னாடி உள்ள எதாவது இருக்கான்னு பாத்துக்குங்க. போன தடவை எங்க சம்பளப் பட்டியலைத் துடைச்சீங்க."

"அது நான் இல்ல, உங்க மேலாளர்."

ஆனாலும் பார்த்தேன். உள்ளே என்ன ஓடுகிறது என்று பதிவேடுகளைத் திறந்தேன். ஒரு பதிவேட்டில் வரிசையாக ஒரே வாக்கியம், வாரத்துக்கு ஒன்று. திங்கட்கிழமை, அனுப்பப்பட்டது. திங்கட்கிழமை, அனுப்பப்பட்டது. கீழே போகப் போக அதே. இந்தச் சர்வரை நிறுவிய தேதியைப் பார்த்தேன். பதினோரு வருடத்துக்கு முந்தைய மே மாதம்.

ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் உள்ள கெட்ட பழக்கம் எனக்கும் உண்டு. புதுக் கணினி வந்தால் எது வேண்டும் எது வேண்டாம் என்று யோசிப்பதில்லை. நம் கணினியில் உள்ள பேக்கேஜ் பட்டியலை ஒரு கோப்பில் எடுத்து அதற்கு ஊட்டிவிடுவோம், அது நம்முடையதைப் போலவே ஆகிவிடும். துறைமுக முறை, எண்ணிக்கை சொல்ல நான் கொடுத்த சம்மதம், எல்லாம் அந்தக் கோப்போடு இதற்குள் போயிருக்கிறது. கீபோர்டுகூட மாட்டாத, யாரும் ஓர் எழுத்தும் எழுதாத இரும்புப் பெட்டி. பதினோரு வருடமாக எனக்குத் துணையாக இருந்தது இதுதான்.

"அக்கா, என்னாச்சு? ஏன் தரையில உக்காந்துட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. கால் வலி."

"காலையில சாப்டீங்களா?"

"சாப்டேன்."

"பொய் சொல்றீங்க," என்று சொல்லிவிட்டு அவள் போய் ஒரு சோயா பால் வாங்கிவந்து பக்கத்தில் வைத்தாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன்.

வட்டில் உள்ள எல்லாம் அழிந்துவிடும், தொடரவா என்று அது கேட்டது. இந்த முறை பட்டியலைப் படித்தேன். 'ஒய்' தட்டினேன்.

புதன் பகலும் வியாழன் முற்பகலும் வேறு வேலையே பார்க்கவில்லை. யாருடைய அச்சுப்பொறி நின்றாலும் நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஐந்நூறு எழுத்துகள் ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து நின்றன, வரிசைப்படுத்தும் முறையே மாறியிருந்தது. அதைத் திருத்தினால் நிறுத்தக்குறிகள் காணாமல் போயின. ஒவ்வொன்றாகப் பிடித்தேன். தட்டித் தட்டிச் சோதிக்கும்போது ஒரு கெட்ட விஷயம் நடந்தது. என் விரல்கள் தாமாக ஜிங்-சுவானின் பெயரைத்தான் எழுதின. சோதனைக்கு எப்போதும் அதைத்தான் எழுதுவேன். அழித்துவிட்டு சுவாங் ஷுவெய்-மூ என்று எழுதினேன். சரியாக வந்தது.

வியாழன் பன்னிரண்டரைக்கு அனுப்பினேன். நிறுவினார். 'நிறுவப்பட்டது. எழுத்து வரவில்லை' என்று பதில். அவருடைய அமைப்புக் கோப்பை வாங்கிப் பார்த்தேன், பழைய அடித்தளத்தின் பெயர் இன்னும் அதில் குந்தியிருந்தது. அந்த ஒரு வரியை மாற்றி, வெளியேறித் திரும்ப உள்ளே வரச் சொன்னேன். பிறகு மெயில் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றே முக்கால் மணிக்கு வந்தது.

'அம்மா, வந்திருச்சு. இடது கையால மட்டும் தட்டுறேன், மெதுவாத்தான் வரும். நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டப்போறதை முதல்ல உங்களுக்கு அனுப்புறேன், தப்பு இருந்தா சொல்லுங்க. குமாஸ்தா புத்தி, தப்போட ஒரு தாள் வெளிய போகக் கூடாது.

டாக்டருக்கு: நான் சாகணும்னு ஆசைப்படல. பாக்கு போட்டுக் கெடுத்துக்கிட்ட வாய், மறுபடி வெட்டணும்னா வெட்டிக்குங்க. ஆனா வெட்டின இடத்துல ஒட்டுறதுக்கு இடது கையிலேர்ந்து சதை எடுப்போம்னு தாள்ல போட்டிருக்கு. என்னை வலது கைக்காரன்னு எழுதியிருக்கீங்க. வலது கை மூணு வருஷமா ஆடுது. எனக்கு நாக்கு இருக்கிற இடம் இடது கைதான். தொடையிலேர்ந்து எடுங்க. முடியாதுன்னா இருக்கிற வாயோட போய்ச் சேர்றேன்.'

கீழே எனக்கென்று இன்னும் கொஞ்சம் எழுதியிருந்தார்.

'ஒப்புதல் இல்லைன்னு ஒட்டிக் காட்டினப்ப மருமகன் உயிரை விடாதீங்க மாமான்னு அழுதான். இடது கையைத் தட்டித் தட்டிக் காட்டினேன். வலி போலிருக்குன்னு தைலம் தேச்சு விட்டான். இடதுங்கிற எழுத்து என்கிட்ட இருந்த எந்த அறிவிப்புலயும் இல்ல, அது இருந்த தாள் ஆஸ்பத்திரியிலயே நின்னுருச்சு. ஒலி முறை நான் கத்துக்கவே இல்ல, பேனா இடது கையில நிக்காது. இணையத்துல தேடலாம்னா அதுக்கும் முதல்ல எழுதணுமே. அப்புறம், நீங்க முதல்ல எழுதினீங்களே ஒரு கடிதம், அது எனக்கு இல்லைன்னு பாத்ததும் தெரிஞ்சிருச்சு. இருந்தாலும் ரெண்டு தரம் படிச்சேன். சாப்டியான்னு என்னை யாரும் கேட்டு நாலு வருஷம் ஆகுது. குழாய்ல சாப்பிடுறவனை யார் கேப்பா.'

தப்பு ஒன்றும் இல்லை ஐயா என்று மட்டும் பதில் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் மறுபடி எழுதினார். டாக்டர் தாளைப் படித்துவிட்டு, தொடையிலிருந்து எடுப்பதில் தடை ஒன்றும் இல்லை, செவ்வாய்க்கிழமையே வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னாராம். 'இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேன்னு கேட்டார். கம்ப்யூட்டர் கெட்டுப்போயிருந்துச்சு, கீலுங்ல ஒரு அம்மா சரி பண்ணிக் கொடுத்தாங்கன்னு தட்டிக் காட்டினேன். மருமகன் உங்களுக்கு அன்னாசிக் கேக் அனுப்பணும்னு முகவரி கேக்கிறான்.'

முகவரி கொடுத்திருக்கலாம். கேக்கை அ-சியாவோடு பங்கு போட்டுத் தின்றிருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் கெட்டுப்போயிருந்தது என்ற அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கணினி தானாகக் கெடவில்லை. அந்த மனுஷர் பத்து நாள் ஊமையாகக் கிடந்தது கணினியால் இல்லை.

ஐந்து மணிக்கு எல்லாரும் போன பிறகு எழுதினேன். 'சுவாங் ஐயா, கேக் வேண்டாம். அது தானா கெடல. அந்தப் பேக்கேஜை எடுக்கச் சொன்னது நான்தான். ரெண்டு நாள்ல சரி பண்ணியிருக்கலாம், வேணும்னே பண்ணல. அது இல்லாமப் போனா ஒருத்தர் என்னைத் தேடி வருவார்னு நெனச்சேன். அதுக்காக உங்க வாயை அடைச்சுட்டேன். வேற என்ன சொல்றதுன்னு தெரியல.'

பதில் வரவில்லை. சனி, ஞாயிறு வீட்டில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவருக்கு அறுவை சிகிச்சை. காலை எட்டிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை, யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்றும் தெரியவில்லை. அவருடைய மருமகனின் பெயர்கூட எனக்குத் தெரியாது. புதன் போயிற்று, வியாழன் போயிற்று. கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறாரா, பேச ஆளே இல்லையா என்று இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தேன். அந்த வாரம் அ-சியா தினமும் எனக்குச் சோயா பால் வாங்கிவந்தாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மெயில் வந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து, மருமகன் மடியில் வைத்த கணினியில் தட்டியிருக்கிறார். அறுவை சிகிச்சையைப் பற்றி ஒன்றும் இல்லை, என் கடிதத்தைப் பற்றியும் திட்டோ மன்னிப்போ இல்லை. துறைமுக முறையில், இடது கையால் தட்டிய ஒரே ஒரு கேள்வி.

'வந்தாரா?'

மடித்த துணியைக் கட்டிலில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இந்தப் பதினோரு வருடத்தில் என்னிடம் இதை ஒருவரும் கேட்டதில்லை, நானும் ஒருவரிடமும் சொன்னதில்லை.

'வரல ஐயா' என்று எழுதினேன்.